நாலு டிராக்கும் இரண்டு ரஜாயும்

‘ராக்’ என்ற பெயரைக் கேட்டதுமே காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. பொங்கல் விழாவில் எங்கள் கோஷ்டி மேடை ஏறியதும் முன் வரிசையிலிருந்து மூன்று பெரியவர்கள் ஒரே சமயத்தில் காப்பி குடிக்க எழுந்து போனதை நானே பார்த்தேன். அவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது; அன்று காப்பி நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கட்டுரையை அவர்களும் தைரியமாகப் படிக்கலாம். காகிதத்திலிருந்து சத்தம் வராது.

நான் சொல்லவந்த விஷயம், 1960-களின் ராக் ரிக்கார்டுகளில் கேட்கும் ஒரு தனி நாதத்தைப் பற்றியது. அவற்றைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். டிரம்ஸ் காதுக்குள் புகுந்து குத்தாது. ஓர் அறையின் மூலையிலிருந்து கேட்கும். பேஸ் கிதார் தடித்து, உருண்டு வரும். பாடுகிறவன் குரலை ஓங்கும் இடத்தில் ஒலி லேசாகக் கரகரக்கும். நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். இந்த நாதத்தை டில்லியில், மல்காகஞ்சில், ஒரு மொட்டைமாடி அறையில் நாங்களே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றரை வருஷமாக எங்களைப் பிடித்திருந்த பைத்தியம்.

‘எங்களை’ என்றால் நால்வர். பாட்டு எழுதிப் பாடி, ஒரு கிதாரையும் மீட்டுகிறவன் நான். பாட்டுக்கள் தமிழில்தான். இன்னொரு கிதார் கோட்டயத்துச் சிநேகிதன். பேஸ் கிதார் கொல்கத்தாக்காரன். டிரம்ஸ் வாசிப்பவன் மிஜோரத்தில் ஐஸால் நகரத்தைச் சேர்ந்தவன். தேவாலயத்தில் வாசித்துப் பழகியவன். அவனுக்குத் தமிழில் ‘சாப்பாடு’ ‘போதும்’ என்ற இரண்டு சொற்களுக்குமேல் தெரியாது. சென்ற மே மாதத்துடன் அவனுடைய எம்.ஏ. முடிகிறது, ஊருக்குப் போய்விடுவான் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்குள் நாலு பாட்டு முடித்தாக வேண்டும்.

பழைய நாதம் வேண்டும் என்று யாரையாவது யோசனை கேட்டால், முதலில் சாமான் பட்டியல்தான் கிடைக்கும். அந்தக் காலத்து இயந்திரங்களைப்போல் கம்ப்யூட்டருக்குள் வேஷம் கட்டும் மென்பொருள்கள் இப்போது எத்தனையோ வந்துவிட்டன. ஒன்று டேப் இயந்திரமாக நடிக்கும்; ஒன்று வால்வு ஆம்ப்ளிஃபயராக நடிக்கும்; ஒன்று, இசைத்தட்டை முள் கீறும் சத்தத்தைக்கூடச் சேர்த்துக் கொடுக்கும். கடைசியாகச் சொன்னது எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. பழமை தெரியவேண்டும் என்பதற்காகப் புதுக் கோயிலில் வௌவால் வளர்ப்பவர் உண்டா? டேப் விஷயம் வேறு; அதில் உண்மை இருக்கிறது. காந்த நாடாவில் அளவுக்கு மேல் ஒலியைத் திணித்தால், அது கம்ப்யூட்டரைப்போல் சடாரென்று வெட்டிவிடாது; ஒலியின் உச்சிகளை மெல்ல மழுக்கி வாங்கிக்கொள்ளும். டிரம் அடியின் கூர் குறைந்து தடிமன் ஏறுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் அது ஒரு காரணம்தான்.

பழைய கதைகளைப் படிக்கப் படிக்க, அவர்களுடைய இல்லாமையே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. லண்டனில் ஜோ மீக் என்று ஒருவர். பெரிய கம்பெனி ஸ்டூடியோவின் தயவு வேண்டாம் என்று, ஹாலோவே சாலையில் 304-ஆம் எண் கட்டடத்தில், தோல் சாமான் கடை ஒன்றுக்கு மேலே குடியிருந்த வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக ஆக்கிக்கொண்டவர். 1962-ல் அவர் அந்த வீட்டில் பதிவு செய்த ‘டெல்ஸ்டார்’ என்ற வாத்திய இசை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடத்துக்குப் போயிற்று. 1964-ல் ‘ஹேவ் ஐ த ரைட்’ என்ற பாட்டுக்கு டிரம் சத்தம் போதாதென்று, கோஷ்டியினரை மாடிப்படியில் ஓங்கி மிதிக்கச் சொல்லி, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கால்சட்டையில் மாட்டும் கிளிப்பால் கைப்பிடியில் மைக்குகளைப் பொருத்திப் பதிவு செய்தார்.

இங்கே ஒரு வார்த்தை இடையில் சொல்லிக்கொள்கிறேன். ‘டெல்ஸ்டா’ரில் பிரதானமாகக் கேட்கும் வாத்தியம் கிளேவியோலின் என்னும் மின்சாரக் கீபோர்டு. அதற்கு 8 வருஷங்கள் முன்னதாக, 1954-ல், ‘நாகின்’ இந்திப் படத்தில் நாடு முழுவதையும் தலையாட்ட வைத்த மகுடி ஓசையும் அதே வாத்தியந்தான். வாசித்தவர் பிற்பாடு கல்யாண்ஜி–ஆனந்த்ஜி என்று பெயரெடுத்த இரட்டையரில் மூத்தவரான கல்யாண்ஜி. ராக் நமக்கு அந்நியம் என்று எழுந்து போகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

பீட்டில்ஸின் முதல் எல்.பி. விஷயமும் அப்படித்தான். அதிலுள்ள 14 பாட்டுக்களில் 10 பாட்டுக்கள் 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி ஒரே நாளில் பதிவானவை. இருந்தது இரண்டே டிராக். டிராக் என்றால் நாடாவில் ஒன்றுக்கொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டு வந்தபோது ஜான் லென்னனுக்கு ஜலதோஷம் முற்றித் தொண்டை ஏறக்குறைய போயிருந்தது. ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டில் கேட்கிறோமே, அந்தக் கிழிந்த குரலுக்கு மென்பொருள் கிடையாது. இன்றைக்கு என் மடிக்கணினியில் 100 டிராக் திறக்கலாம். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகப் பாடி ஒட்டலாம். எதையும் இன்று முடிவு செய்யவேண்டியதில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம். அந்த ‘நாளை’தான் பழைய ரிக்கார்டுகளில் இல்லை.

ஆகவே நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். நாலு டிராக்கே உண்டு. முதலாவதில் டிரம்ஸ், இரண்டாவதில் இரண்டு கிதாரும் பேஸும், மூன்றாவதில் என் குரல். இந்த மூன்றும் ஒரே சமயத்தில், எல்லாரும் ஓர் அறையில் நின்று வாசிக்கும்போதே பதிவாக வேண்டும். நாலாவது டிராக் மட்டும் பிறகு சேர்க்கும் கோரஸுக்கும் கிதார் அலங்காரத்துக்கும். டிரம்ஸுக்கு வைத்த இரண்டு மைக்குகளையும் அன்று மாலையே ஒன்றாகக் கலந்து, தனித்தனிப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். ‘சார்ஜென்ட் பெப்பர்’ என்ற புகழ்பெற்ற ஆல்பத்தைப் பீட்டில்ஸ் 1967-ல் முடித்ததும் நாலு டிராக் இயந்திரங்களில்தான். இடம் போதாதபோது நாலையும் வேறோர் இயந்திரத்தில் ஒன்றிரண்டாகச் சுருக்கிக் கலந்துகொண்டு மேலே போனார்கள். அவர்களுக்கு அது நிர்ப்பந்தம். எங்களுக்கு விரதம்.

இனி அறைக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, நாலு புறமும் சுண்ணாம்புச் சுவர். அதற்குள் டிரம்ஸை அடித்தால் தகரக் கொட்டகையில் கல்மழை பெய்வதுபோல் இருக்கும். ஒலியை உறிஞ்சும் நுரைப் பலகைகள் விற்கிறார்கள். விலை எங்களுக்கு எட்டவில்லை. டில்லிக் குளிரில் கிடந்து பார்த்தவர்களுக்கு ரஜாயின் மகிமை தெரியும். பஞ்சு அடைத்த அந்தக் கனத்த போர்வை குளிரைத் தடுப்பதைப்போலவே எதிரொலியையும் தடுக்கும். ஒரு ரஜாயை டிரம்ஸுக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டோம். இன்னொன்றை, இருந்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் சேர்த்து மூடுவதுபோல் நாற்காலிகளின்மேல் கூடாரமாகப் போட்டோம். அந்தக் கூடாரத்துக்குள் ஒரே மைக். பேஸ் அதிகமாகக் கேட்டால் பேஸ் ஆம்ப்ளிஃபயரை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளு, கிதார் குறைந்தால் முன்னால் இழு. அவ்வளவுதான் எங்கள் மிக்ஸிங் எந்திரம். பேஸ் டிரம்முக்குள் என்னுடைய ஸ்வெட்டர் ஒன்று போயிற்று. 1966-ல் பீட்டில்ஸின் டிரம்முக்குள் ஜெஃப் எமரிக் என்னும் இளம் என்ஜினியர் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கையும் அருகே கொண்டுபோய், அந்தக் கம்பெனியின் விதிகளுக்கு விரோதமாகச் செய்த யுக்தி அது. அவருடையது எந்த ஊர் ஸ்வெட்டரோ. என்னுடையது திபெத்தியர் விற்கும் கடையில் வாங்கியது. மாசி மாதம் முழுவதும் அது இல்லாமல் நடுங்கினேன்.

டிரம்ஸுக்கு இரண்டு மைக் வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று மேலே, ஒன்று வாசிப்பவன் வலது தோளுக்குப் பக்கத்தில். இரண்டும் ஸ்நேர் டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். க்ளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய என்ஜினியரின் பெயரால் வழங்கும் முறை இது. ஒலி ஆயிரத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் ஓர் அடி தள்ளி இருந்தால்கூட அதே அடி இரண்டு தடவை, மயிரிழை இடைவெளியில் வந்து சேர்ந்து, ஒன்றையொன்று தின்று மெலிந்துவிடும். பூ கட்டும் நூலில் முடிச்சுப் போட்டு அளந்தோம். அந்த முடிச்சை அவிழ்க்காமல் நாலு பாட்டுக்கும் வைத்திருந்தோம்.

கிதாருக்குக் கொஞ்சம் கரகரப்பு வேண்டியிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ (1968) பாட்டில் சீறிக்கொண்டு வரும் கிதார், மின்சாரக் கிதாரே இல்லை; சாதாரண மரக் கிதாரைக் கீத் ரிச்சர்ட்ஸ் கையளவு காஸெட் ரிக்கார்டரில் தாங்காத சத்தத்துக்கு வாசித்துப் பதிந்ததுதான் அப்படிக் கேட்கிறது. இதைப் படித்த அன்றே, செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கு ஓடினோம். (தென்காசிப் பக்கத்து அன்பர்கள் மன்னிக்க, இது இன்னொரு செங்கோட்டை.) 700 ரூபாய்க்கு, மூடி உடைந்த காஸெட் ரிக்கார்டர் ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒலி மிகுந்தால் தானே அமுக்கி, ஒலி குறைந்தால் தானே தூக்கிவிடும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் கிதாரை ஓங்கி மீட்டினால் பயந்து ஒடுங்கி, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு எழும். நாலாவது டிராக்கின் அலங்காரம் முழுவதும் அந்த 700 ரூபாயின் உபயம்.

எதிரொலிக்கு மாடிப்படி. ‘லெட் ஸெப்பலின்’ கோஷ்டி 1971-ல் வெளியிட்ட ஒரு பாட்டுக்கு, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் உயரத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள்; அந்த இடிமுழக்கத்துக்கு இன்றுவரை ஈடு கிடையாது. எங்கள் வீட்டுக்கும் மூன்று மாடி உண்டு. மேல்படியில் ஸ்பீக்கரை வைத்து என் குரல் டிராக்கை ஓடவிட்டு, கீழே மைக்கை வைத்து, வந்து சேரும் எதிரொலியைப் பிடித்து மறுபடியும் பாட்டில் கொஞ்சம் கலப்பது எங்கள் முறை. ஆண்ட்டிஜி ஞாயிறுதோறும் சத்சங்கத்துக்குப் போகும் 11 மணி முதல் 1 மணி வரைதான் இதற்கு அனுமதி. முதல் மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டு ராஜ்மா அந்த நேரத்தில்தான் வேகும். இரண்டாவது பாட்டின் முடிவில் குக்கர் விசில் ஒன்று நன்றாகக் கேட்கும். அது சுருதியோடு சேர்ந்திருக்கிறது என்பது கோட்டயத்துக்காரனின் வாதம்.

இப்படியெல்லாம் முதல் பாட்டை முடித்து வைத்திருந்த சமயத்தில் ஒரு காரியம் நடந்தது. கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரு சிநேகிதன், கம்ப்யூட்டர் படிப்பவன், கெட்டிக்காரன். எங்கள்மீது இருந்த பிரியத்தால் அந்தப் பாட்டை வாங்கிக்கொண்டு போய், இரவு முழுவதும் விழித்து, ‘சரி’ செய்து கொண்டுவந்தான். எங்கள் பாட்டு நிமிஷத்துக்கு 118 தட்டில் ஆரம்பித்து, முடியும்போது 123-க்கு ஏறியிருந்ததாம். அவன் மூன்று டிராக்கையும் தட்டுத் தட்டாகச் சேர்த்து அறுத்து, இழுத்து, ஒவ்வோர் அடியையும் கடிகார முள்ளுக்குச் சரியாக நிறுத்தியிருந்தான். நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம். தப்பு என்று எதையும் சுட்டிக் காட்ட முடியாது. போலீஸ் அணிவகுப்பில் தப்பு ஏது?

டிரம்ஸ்காரன் முழுவதையும் கேட்டான். பிறகு இந்தியில், “இதில் வாசிப்பது யார்?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அது பிப்ரவரி, எங்களுக்கு இருந்ததோ மூன்று மாதம்.

கோயமுத்தூர் நண்பனோடு நான் வெகு நேரம் வாதாடினேன். “தாளம் தப்பினால் உன் பாட்டு வாத்தியார் சும்மா இருப்பாரா?” என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எது தப்பு? ‘ஹாங்கி டாங்க் விமன்’ (1969) என்ற பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் எவ்வளவு வேகம் ஏறியிருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். அதை யாரும் தப்பு என்று திருப்பிக் கொடுத்ததாகக் கேள்வியில்லை. கேட்கிறவனின் உற்சாகமும் கூடவே ஏறுகிறது.

அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் பிடித்தது. எங்கள் பாட்டையும் அவன் திருத்தியதையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லவியில் ‘ஊருக்கு’ என்று ஒரு சொல் வருகிறது. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் ஊர் நினைவில் பாடுகிறவனுக்கு ஊகாரம் இரண்டோடு நிற்குமா? நான் அந்த இடத்தில் கொஞ்சம் நீட்டிவிடுகிறேன். எங்கள் பதிவில் டிரம்ஸ் அந்த இடத்தில் காத்திருக்கிறது. ஒரு கண் இமைக்கும் நேரந்தான். ஊகாரம் முடிந்த பிறகே ஸ்நேர் விழுகிறது. திருத்திய பதிவில் கடிகாரம் காத்திருக்கவில்லை. என் நெடிலை நறுக்கி, ஸ்நேரைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

டிரம்ஸ்காரனுடைய ஹாஸ்டலுக்குப் போய் இதைக் கேட்டேன். தமிழ் தெரியாத உனக்கு அந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? “நான் உன் தாடையைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறேன். அது மூடும் வரையில் அடிப்பதில்லை” என்றான். அறையில் என்னை எப்போதும் தனக்கு நேர் எதிரே நிற்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தானாம். அதுவரை அந்த ஏற்பாட்டுக்கு நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன்: என் மைக்கின் முதுகு டிரம்ஸ் பக்கம் இருந்தால், முதுகுப் பக்கம் அந்த ஜாதி மைக்குக்குக் காது மந்தமாகையால், டிரம்ஸ் குறைவாகக் கசியும். காரணம் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

நாங்கள் திருத்தாத பதிவையே வைத்துக்கொண்டோம். அவன் மறுபடியும் வந்தான். கோயமுத்தூர்க்காரனும் வந்தான், வந்து, பட்டன் அழுத்துகிற வேலையை ஏற்றுக்கொண்டான். எஞ்சிய மூன்று பாட்டையும் மார்ச்சிலும் ஏப்ரலிலும் முடித்தோம். ஏப்ரல் கடைசி ஞாயிறு வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. மின்விசிறி ஓடினால் மைக்கில் காற்று விழும்; ஆகவே அதை நிறுத்திவிட்டு, சுற்றிலும் ரஜாய் தொங்க, நாலாவது பாட்டை ஏழு தடவை வாசித்தோம். ஆறாவதை வைத்துக்கொண்டோம். ஏழாவதில் பேஸ்காரனுக்குக் கை வியர்த்து வழுக்கிவிட்டது.

மிக்ஸிங்கில் அதிகம் சொல்ல இல்லை. நாலு டிராக்கில் கலப்பதற்கு என்ன இருக்கிறது? முழுவதையும் மோனோவில், ஒரே ஸ்பீக்கரில் கேட்டுத்தான் செய்தேன். பீட்டில்ஸின் ஆரம்பகால ஸ்டீரியோப் பதிப்புகளில் ஒரு காதில் குரலும் மறு காதில் வாத்தியமுமாக விநோதமாகக் கேட்பதற்குக் காரணமே, அந்த இரண்டு டிராக்கும் மோனோவாகச் சமன் செய்து கலப்பதற்கென்று பதிந்தவை என்பதுதான். ஒரே துளை வழியாக எல்லாம் வரவேண்டுமென்றால், எது முன்னால், எது பின்னால் என்பதை ஒலியின் அளவைக்கொண்டே தீர்மானித்தாக வேண்டும். குரலும் ஸ்நேரும் முன்னால். பேஸ் அதன் கீழே. மிக உச்சமான கீச்சொலிகளைச் சற்றே வெட்டினேன். குரலுக்கு மட்டும் பழைய மெம்பிஸ் பாணியில் ஒரு குட்டி எதிரொலி. ஸன் ஸ்டூடியோவில் ஸாம் ஃபிலிப்ஸ் இரண்டாவது டேப் இயந்திரத்தைக்கொண்டு 1950-களில் செய்தது. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓட, பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் 2 அங்குலம் இடைவெளி என்று வைத்தால், ஒலி 15-ல் 2 பங்கு நொடி தாமதித்து வரும். கம்ப்யூட்டரில் 133 மில்லி செகண்ட் என்று தட்டினேன். கணக்கு பலித்தது.

கம்ப்யூட்டரில் டேப்பாக நடிக்கும் அந்த மென்பொருளையும் கடைசியில் கொஞ்சம் போட்டேன். நன்றாகவே இருக்கிறது. போடாமல் கேட்டாலும் நன்றாகவே இருக்கிறது. எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் எங்கள் நால்வரில் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

டிரம்ஸ்காரன் மே மாதம் இரண்டாவது வாரம் ஊருக்குப் போனான். டிரம்ஸ் இங்கேதான், கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஜூன் மாதம் நாலு பாட்டையும் கலந்து முடித்து ஐஸாலுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வந்தது. எல்லாம் பிடித்திருக்கிறதாம், அவன் அம்மாவுக்குக் குக்கர் விசில் வரும் பாட்டு மிகவும் பிடித்ததாம். மூன்றாவது பாட்டில் மட்டும் காலால் மிதிக்கும் பேஸ் டிரம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது, உயர்த்த முடியுமா என்று கேட்டிருந்தான். டிரம்ஸ் முழுவதையும் அன்றைக்கே ஒரே டிராக்கில் கலந்து மற்றதை அழித்தாயிற்று. காலை மட்டும் தனியாகப் பிரித்து உயர்த்த இப்போது வழியில்லை என்று எழுதினேன். அப்படியானால் இருக்கட்டும், அடுத்த தடவை இன்னும் ஓங்கி மிதிக்கிறேன் என்று பதில் வந்தது.